சதுரங்கம்: கேள்வி – பதில் | ஆனந்தின் இ5 குதிரை

கேள்வி: 2013இல் அர்மேனியாவின் ஆரோனியனை, கறுப்பில் ஆடிய ஆனந்த் வென்ற ஆட்டத்தில், 15ஆவது நகர்த்தலில் கறுப்பு பிஷப் சி5க்கு வருகிறது. அதை டி4 சிப்பாய் வெட்டலாம். எஃப்8 யானையும் வெள்ளைக் குதிரையின் வாயில் நிற்கிறது. இரண்டையும் விட்டுவைக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் பலகையில் காய்களை வையுங்கள் (ஏ முதல் எச் வரை நெடுக்கு வரிசைகள், 1 முதல் 8 வரை கிடை வரிசைகள்). வெறுமனே படித்தால் இந்த ஆட்டம் பிடிபடாது.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி2, யானைகள் ஏ1, எஃப்1, பிஷப்கள் சி1, டி3, குதிரைகள் சி3, எச்7, சிப்பாய்கள் ஏ3, பி2, டி4, எஃப்4, ஜி2, எச்2.

கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் சி8, எஃப்8, பிஷப்கள் பி7, சி5, குதிரைகள் டி7, ஜி4, சிப்பாய்கள் ஏ7, பி5, இ6, எஃப்7, ஜி7.

நெதர்லாந்தின் விக் ஆன் ஸே நகரில், டாடா ஸ்டீல் போட்டியின் 4ஆவது சுற்றில் ஆடப்பட்டது இது. செமி-ஸ்லாவ் என்ற தொடக்க முறையில் மெரான் எனப்படும் கிளை. வெள்ளை டி4 சிப்பாயால் வெட்டினால் மூன்று வழிகள் ஒன்றாகத் திறக்கின்றன: ஜி1 ராஜாவை நோக்கிய மூலைவிட்டம், டி வரிசை, சி5 கட்டம். சிப்பாய் சி5இல் வெட்டட்டும். டி7 குதிரை அதைத் திருப்பி வெட்டும். இனி டி4இல் ராணி செக் கொடுக்கலாம், டி3 பிஷப்பையும் வெட்டலாம். அப்போது வெள்ளை எஃப்8 யானையைத் தின்றால், சி5 குதிரை டி3இல் வெட்டும். அந்தக் குதிரையை வெள்ளை ராணி தொடக்கூடாது, தொட்டால் டி8 ராணி அவளையே எடுத்துவிடும். யானை போனாலும் நேரம் கறுப்பின் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: அதற்கும் முன்பே, 13ஆவது நகர்த்தலில் குதிரை ஜி4க்குப் போனதுமே ஆரோனியன் யானையை வெட்டியிருக்கலாமே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: எச்2இல் பிஷப் வெட்டி செக். அந்த பிஷப்பை ஜி4 குதிரை காப்பதால் ராஜா எச்1க்குத்தான் போக முடியும். அடுத்து ராணி எச்4. இனி பிஷப் ஜி3க்கு விலகினால் எச் வரிசையில் செக் விழும். ராஜா ஜி1க்குத் திரும்பினால் ராணி எச்2இல் மேட். ஜி2 சிப்பாயை முன்னே தள்ளித் தடுக்கலாம் என்று பலரும் நினைப்பார்கள். அது விதிப்படியே முடியாது: பி7 பிஷப்பின் பாதையில், தன் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்கும் சிப்பாய் அது.

அதனால்தான் ஆரோனியன் எஃப்4 ஆடி டி6–எச்2 பாதையை மூடினார். மூடியதற்கு விலை கொடுத்தார். எஃப்2இலிருந்து சிப்பாய் விலகியதும் ஜி1 மூலைவிட்டம் பலவீனமானது. கறுப்பு அடுத்த நகர்த்தலிலேயே டி4இல் சிப்பாயை வெட்டி மாற்றிக்கொண்டு, அதற்கடுத்து பிஷப்பைச் சி5க்குத் திருப்பியது அதைப் பார்த்துத்தான்.

கேள்வி: 16ஆவது நகர்த்தலில் குதிரையை இ5க்குக் கொண்டுபோகிறார். இரண்டு சிப்பாய்கள் அதைத் தாக்குகின்றன. தப்பு என்று நினைத்தேன். விளக்குங்கள். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இந்த ஆட்டத்தின் உயிரே இந்த நகர்த்தல்தான். வெள்ளை பிஷப் இ2க்குப் பின்வாங்கி ஜி4 குதிரையைத் தாக்கியிருக்கிறது. கறுப்பு அந்தக் குதிரையை விலக்காமல் இன்னொன்றையும் நெருப்பில் வைக்கிறது.

இரண்டு சிப்பாய்கள் என்கிறீர்கள். உண்மையில் ஒன்றுதான். டி4 சிப்பாய் இ5இல் வெட்டவே முடியாது. சி5 பிஷப்புக்கும் ஜி1 ராஜாவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. எஃப்4 சிப்பாயால் வெட்டலாம். வெட்டினால்: ராணி டி4இல் செக், ராஜா எச்1, ராணி ஜி1இல் செக்! சி5 பிஷப் காப்பதால் ராஜாவால் ராணியைத் தொட முடியாது. யானைதான் வெட்ட வேண்டும். குதிரை எஃப்2, மேட். இடையில் வெள்ளை பிஷப்பை இ3இல் வைத்து மறித்தாலும் ராணி அதை செக்குடன் வெட்டும். ராஜா எச்1 போனால் அதே முடிவு. யானையை எஃப்2இல் வைத்தால் ராணி அதையும் வெட்டி, அடுத்து ஜி2இல் மேட்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. சி2 ராணி இரண்டாம் வரிசையில் எஃப்2ஐக் காத்திருக்க வேண்டும். ஏன் காக்கவில்லை? இ2இல் நிற்கும் சொந்த பிஷப் மறைக்கிறது. ஜி4 குதிரையைத் தாக்க வந்த அதே நகர்த்தல்தான் எஃப்2ஐக் கைவிட வைத்தது. இ5க்குக் குதிரை வருவது டி8 ராணிக்கு டி வரிசையைத் திறக்கவும்தான். டி7இல் அது நின்றிருந்தால் டி4 செக்கே இல்லை.

ஆரோனியன் ஜி4 குதிரையை பிஷப்பால் வெட்டினார். கறுப்பு பிஷப் டி4இல் செக்குடன் வெட்டி, ராஜா எச்1 போனதும், இ5 குதிரை ஜி4இல் திருப்பி வெட்டியது.

கேள்வி: 19ஆவது நகர்த்தலில், யானை போன பிறகு, ஏன் அமைதியாக எஃப்5? (வாசகர், மதுரை)

பதில்: வெள்ளை ராணியின் சி2–எச்7 பாதை அடைபடுகிறது, ஜி4 குதிரைக்கும் காவல் கிடைக்கிறது. அடுத்து ராணி எச்4 மிரட்டல். வெள்ளை பேராசைப்பட்டு இ6 சிப்பாயைக் குதிரையால் வெட்டினால்: ராணி எச்4, வெள்ளைச் சிப்பாய் எச்3, ராணி ஜி3, வெள்ளை ஜி4இல் வெட்டு, ராணி எச்4 மேட். அதனால் ஆரோனியன் குதிரையை ஜி6இல் வைத்து எச்4ஐக் காத்தார். கறுப்பு ராணி எஃப்6 வழியாக அந்தக் குதிரையைத் தின்றுவிட்டது.

கேள்வி: கடைசி நிலையில் ஆனந்த் யானைக்கு பிஷப் என்ற கணக்கில் பின்தங்கித்தானே இருந்தார்? ஆரோனியன் ஏன் 23ஆவது நகர்த்தலோடு விட்டுக்கொடுத்தார்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: கணக்கு சரி. ஆனால் வெள்ளையின் ஏ1 யானையும் சி1 பிஷப்பும் ஆட்டம் முழுக்க ஒருமுறைகூட நகரவில்லை. கறுப்பு ராணி எச்5இல், எச்3 சிப்பாயைக் கட்டிப் போட்டிருக்கிறது. வெள்ளை ராணி டி3இலிருந்து மூன்றாம் வரிசையில் எச்3ஐக் காக்கிறது. பிஷப் இ3 என்ற கடைசி நகர்த்தல் அந்த வரிசையை நடுவில் வெட்டுகிறது. சி1 பிஷப் இ3இல் வெட்டினால் ராணி எச்3இல் செக். ஜி2 சிப்பாய் பி7 பிஷப்பால் கட்டுண்டதால் வெட்ட முடியாது, அடுத்து மேட். ராணியே இ3இல் வெட்டினால் குதிரை ராணியை எடுத்துவிடும்.

கேள்வி: இதை ரூபின்ஸ்டைனின் ஆட்டத்தோடு ஒப்பிடுகிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: பொருத்தமான ஒப்பீடு. 1907இல் போலந்தின் லோட்ஸில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைனும் கறுப்பில் ஆடினார். ஜி4 குதிரை, எச்1 மூலைக்குத் தள்ளப்பட்ட ராஜா, ராஜாவைக் குறிவைத்த இரண்டு பிஷப்கள் எல்லாம் அங்கேயும் உண்டு. வித்தியாசம் யானைகளில். ரூபின்ஸ்டைன் ராணியை எச்4இல் வெட்டக் கொடுத்துவிட்டு யானைகளை சி3, டி2 கட்டங்களில் இறக்கி, கடைசியில் எச்3இல் முடித்தார். ஆனந்தின் சி8 யானை 11ஆவது நகர்த்தலுக்குப் பிறகு அசையவே இல்லை. ராணி, குதிரை, இரு பிஷப்களே போதுமாக இருந்தன.

கேள்வி: பயிற்சிக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? (வாசகி, திருச்சி)

பதில்: முதல் பதிலில் உள்ள நிலையை வைத்து, வெள்ளை பிஷப்பை மட்டும் டி3இலிருந்து இ2க்கு மாற்றுங்கள். விடையைப் படித்துவிட்டீர்கள்தான், ஆனாலும் காய்களைத் தொடாமல் 20 நிமிடம் கறுப்புக்காக யோசியுங்கள். டி4 சிப்பாய் எதனால் கட்டுண்டிருக்கிறது, ராஜா எச்1 போனால் ஜி2 சிப்பாய் எதனால் கட்டுண்டுவிடும் என்று முதலில் காகிதத்தில் எழுதுங்கள். பிறகு, குதிரை இ5க்கு வந்ததும் டி4 சிப்பாய் சி5 பிஷப்பை வெட்டும் கிளையைத் தனியாகக் கணக்கிடுங்கள். டி4இல் ராணி செக், ராஜா எச்1, குதிரை எஃப்2 செக், ராஜா ஜி1, குதிரை எச்3 இரட்டைச் செக் என்று போகும் அந்தக் கிளையில் ராணி பலியை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கணினியை அதுவரை திறக்காதீர்கள்.