மத்திய அரசு பரிந்துரையை மாற்றினாலும் கலிஃபோர்னியாவில் தடுப்பூசிக்கு இன்சூரன்ஸ் பணம் தருமா?

பெரும்பாலும் தரும். ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

2010இல் வந்த ஒபாமாகேர் என்ற அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, மத்திய அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைத்து சிடிசி (மத்திய நோய்த் தடுப்பு அமைப்பு) ஏற்றுக்கொண்ட தடுப்பூசிகளுக்கு நாம் கைக்காசு தர வேண்டியதில்லை. 2025 ஜூனில் சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் அந்தக் குழுவின் 17 பேரையும் ஒரேயடியாக நீக்கினார். பரிந்துரைக்கும் தடுப்பூசிகளின் பட்டியல் சுருங்கினால் இன்சூரன்ஸும் சுருங்குமோ என்ற பயம் அப்போது வந்ததுதான். நியாயமான பயம்.

அந்த செப்டம்பரிலேயே கலிஃபோர்னியா ஏபி 144 என்ற மாநிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்தத் தடுப்பூசிகளுக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டும் என்பதற்கு இதன்படி 2025 ஜனவரி 1 அன்று இருந்த மத்தியப் பரிந்துரைகளே அடிப்படை. அதற்குமேல் மாற்றுவது மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் கையில்.

சிக்கல் வேறிடத்தில். பெரிய கம்பெனிகள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. இன்சூரன்ஸ் நிறுவனம் கணக்கை மட்டும் பார்க்கும். கார்டில் அதன் பெயர்தான் இருக்கும், அதனால் பலருக்கு இது தெரிவதே இல்லை. ஊழியர் நலத் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டப்படி, இத்தகைய திட்டங்களை மாநில இன்சூரன்ஸ் சட்டம் கட்டுப்படுத்தாது. ஐடி வேலையில் இருக்கிறீர்களா? உங்களுடையது ‘செல்ஃப் ஃபண்டட்’, அதாவது கம்பெனியே செலவை ஏற்கும் திட்டமா என்று எச்ஆரிடம் கேளுங்கள், குழந்தையின் அடுத்த ஊசிக்கு முன்பே.