ஒட்டாவாவுக்குப் புதிது. கட்டினோ பார்க்கில் குடும்பத்தோடு ஸ்நோஷூ போடலாமா, கிராஸ் கன்ட்ரி ஸ்கீ பழகலாமா?

முதல் நாளைக்கு ஸ்நோஷூதான், யோசிக்கவே வேண்டாம். பனியில் புதையாமலிருக்கப் பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டம் அது, நடக்கத் தெரிந்தால் போதும். காலைக் கொஞ்சம் அகட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காலின் சட்டத்தை மறு கால் மிதித்துக் குப்புற விழுவீர்கள். போட்டுக்கொண்டு பின்பக்கமாக நடக்க முயலக் கூடாது. பாடம் முடிந்தது. வாடகைக்குக் கொடுப்பவர் உங்கள் எடையைக் கேட்பார், கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள், முதுகுப்பையின் கனத்தையும் சேர்த்து. எடைக்கேற்ற அளவு இல்லையென்றால் பனியில் புதைந்துகொண்டே போவீர்கள்.

ஸ்கீ அப்படி இல்லை. சமதளத்தில் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும், ஆனால் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் குதிகால் கட்டப்படாமல் தூக்கியபடி இருக்கும், பலகையும் ஒல்லி, பெரும்பாலானவற்றில் ஓரத்தில் உலோக விளிம்பும் கிடையாது, அதனால் இறக்கம் வந்ததும் வேகத்தை அடக்குவது மலையில் சறுக்கும் ஸ்கீயை விடக் கஷ்டம். கட்டினோவோ குன்றும் மேடுமான இடம். குளிர்காலத்தில் பார்க்வே சாலைகளை மூடி ஸ்கீக்கு விட்டுவிடுவார்கள். கார் வராது, நல்ல அகலம், புதியவர்களுக்கு அதுதான் தோது. ஆனாலும் போகும்போது ஏறியதெல்லாம் வரும்போது இறக்கம் என்பதை மறக்காதீர்கள். ஒரே ஒரு வகுப்புக்காவது போய் நுனிகளைச் சேர்த்துக் குதிகால்களை விரித்து நிறுத்தக் கற்றுக்கொண்டு அப்புறம் குழந்தைகளை அழைத்துப் போங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது எந்தப் பாதை யாருக்கு என்பது. அங்கே ஸ்கீ பாதை மட்டும் கிட்டத்தட்ட 200 கி.மீ. இருக்கிறது, ஸ்நோஷூவுக்குத் தனிப் பாதைகள், தனி எண்கள். ஸ்கீ பாதையை இயந்திரம் விட்டு அழுத்திச் சீவி வைத்திருப்பார்கள், ஓரத்தில் தண்டவாளம் மாதிரி இரண்டு பள்ளம் ஓடும். சாதாரண ஸ்கீக்காரர்கள் அதற்குள் போவார்கள், ஸ்கேட் பாணியில், அதாவது காலைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போகிறவர்களுக்குத்தான் நடுவில் உள்ள அகலம். அதில் நீங்கள் பூட்ஸோடு நடந்தால் விழும் குழி ராத்திரியில் கல்லாக இறுகிவிடும், மறுநாள் இறக்கத்தில் வருகிறவரின் ஸ்கீ நுனி நேராக அதில்தான் போய்ச் செருகும். யாராவது உங்களைப் பார்த்துக் கத்தினால் இனவெறி என்று உடனே முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் பள்ளத்தின் மேல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

நின்று பார்க்க ஆசை இருந்தால் ஸ்நோஷூவில் கிடைப்பது ஸ்கீயில் கிடைக்காது என்பது என் கட்சி. முயல் தடத்தைக் கவனியுங்கள்: பெரிய பாதம் இரண்டும் முன்னால், சின்னது இரண்டும் பின்னால் இருக்கும். பார்த்தால் அது எதிர்ப்பக்கம் போனதுபோல இருக்கும், ஆனால் பெரியவைதான் பின்னங்கால்கள், தாவும்போது முன்னங்காலைத் தாண்டி வந்து ஊன்றுகிறது. ஸ்கீயில் அதையெல்லாம் கடந்து போய்விடுவோம்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி: பஸ் நிறுத்தத்தில் நிற்கும் தடித்த ஜாக்கெட், உள்ளே பருத்திச் சட்டை, கீழே ஜீன்ஸ். பத்தே நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும், பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் நடுங்கும். கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் போதும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. வழியில் கியோகன், ஹியூரன் என்று விறகடுப்பு உள்ள குடில்கள் இருக்கின்றன. அடுப்புக்கு மேலே ஊர்ப்பட்ட கையுறைகள் காய்ந்துகொண்டிருக்கும், ஈரக் கம்பளி வாடை அடிக்கும். ஃபிளாஸ்க்கில் டீ கொண்டு போங்கள். அங்கே ஸ்கீயின் அடியில் பிடிப்புக்குப் பூச இன்றைக்குப் பச்சை மெழுகா நீல மெழுகா என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருப்பார்கள் (கடுங்குளிருக்குப் பச்சை, கொஞ்சம் இளகினால் நீலம், பூஜ்ஜியத்தை ஒட்டினால் சிவப்பு), வாடகை ஸ்கீக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது, அடியிலேயே செதிலோ ரோமப்பட்டையோ இருக்கும்.

ஸ்கீ, ஸ்நோஷூ இரண்டுக்குமே பாஸ் வேண்டும். டிசம்பரில் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் மதியம் கிளம்புவது வேண்டாம். செல்போனை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், வெளியே வைத்தால் குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும். பிப்ரவரியில் போவதென்றால் கட்டினோ லோப்பெட் ஸ்கீ பந்தயம் எந்த வார இறுதி என்று பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு மட்டும் போகாதீர்கள்.