வாயில் ‘சரிக்கா’, மனதில் ஊமைக் கோபம்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மாமியாரைப் பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னால் என் ஓரகத்தி “சரிக்கா” என்பாள். அன்று காலையில் “மறந்துட்டேன்” என்பாள். கேட்டால் பாத்திரம் தடாலென்று விழும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஜாடையாக ஏதாவது போடுவாள். “கோபமா?” என்றால் “இல்லையே” என்கிறாள். என்ன செய்வது?

பதில்: “கோபமா?” என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அதற்கு “இல்லையே” தவிர வேறு பதில் வராது. இளைய மருமகள் மூத்தவளிடம் நேராக “முடியாது” என்றால் எதிர்த்துப் பேசுகிறாள் என்ற பெயர் வரும். அதனால் வாய் சரி என்கிறது, மறுப்பு மறதியாகவும் ஜாடைப் பேச்சாகவும் வெளியே வருகிறது. 1945இல் அமெரிக்க ராணுவ மருத்துவக் குறிப்பு இந்த ஊமைக் கோபத்துக்கு ‘பேசிவ்-அக்ரெசிவ்’ (passive-aggressive) என்று பெயர் வைத்ததும் கட்டளையை எதிர்க்க முடியாமல் வேலையை இழுத்தடித்த சிப்பாய்களைப் பார்த்துத்தான். 1952இல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் ஏறிய இது, 2013 பதிப்பில் தனி நோயாக இல்லை. அவளுக்கு நோய்ப் பட்டம் கட்ட வேண்டாம்.

உண்மையான மறதி எல்லா வேலையிலும் தெரியும். பிள்ளையின் டியூஷன் நேரம் தவறாமல் நினைவிருந்து, நீங்கள் சொன்னது மட்டும் மறந்தால் அது மறுப்பு. “உன்னால முடியுமா?” என்று கேட்டீர்களா, “போ” என்று சொன்னீர்களா என்பதையும் யோசியுங்கள். மருத்துவமனைக்குப் போனால் அவளுக்கும் அரைநாள் போய்விடும்.

சம்பவம் நடந்த அன்று பேசாதீர்கள். மறுநாள், தனியாக, பத்து நிமிடம், அந்த ஒரு சம்பவம் மட்டும்: “செவ்வாய்க்கிழமை அத்தை ஏழு மணிக்கே கிளம்பி உட்கார்ந்திருந்தாங்க. கடைசி நேரத்துல நான் லீவு போட வேண்டியதாச்சு. இது உனக்குத் தோதுப்படலைன்னா இப்பவே சொல்லும்மா, தப்பா எடுத்துக்க மாட்டேன். வேற எது உன்னால முடியும்?” இதோடு நிறுத்திக் காத்திருங்கள். “நீ எப்பவுமே இப்படித்தான்” என்ற ஒரு வரி வந்தால் பேச்சு சண்டையாகிவிடும்.

ஒத்துக்கொண்ட தேதிகளை ஐஸ்பெட்டிக் காலண்டரில் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்படியும் மறந்தால் அத்தையின் சிகிச்சையைப் பணயம் வைக்க முடியாது, நீங்களே போங்கள். போகுமுன் அடுத்த தேதியை அவள் பெயரில் எழுதிவிடுங்கள். ஸ்டேட்டஸுக்குப் பதில் ஸ்டேட்டஸ் வேண்டாம். அண்ணன் தம்பியைத் தூது அனுப்பவும் வேண்டாம், சண்டை அவர்களுக்குள் திரும்பும்.

மருந்தை மறைப்பது, மிரட்டுவது என்று போனால் அது ஊமைக் கோபம் அல்ல. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான கொடுமையையும் உள்ளடக்குகிறது. தாலியான் காசே (Talian Kasih) உதவித் தொலைபேசி எண் 15999க்கு அழைக்கலாம்.

பேசிய பிறகு அவள் முதன்முறையாக “வியாழக்கிழமை முடியாதுக்கா” என்பாள். அந்த நொடியில் உங்கள் முகம் சுருங்கினால் அடுத்த முறை மறுபடி “சரிக்கா”தான். “சரிம்மா, வெள்ளிக்கிழமை?” என்று உடனே கேளுங்கள்.