குழந்தைக்கு எக்ஸ்ரே, சி.டி.: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்தால் பிறக்கும் குழந்தைக்குப் புற்றுநோய் அபாயம் கூடும் என்று 1950-களில் காட்டிய பிரிட்டிஷ் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் பற்றிப் போன முறை நாலு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் பயந்திருக்கிறார்கள், சிலர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். முடிந்தவரை பார்க்கிறேன்.

கர்ப்பம் என்று தெரியாமல் ஐந்தாவது வாரத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். கலைத்துவிடுவதே நல்லது என்கிறார் மாமியார். (வாசகி, திண்டுக்கல்)

வேண்டவே வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேரும் டோஸ் 0.01 மில்லிகிரேகூட (கதிரை அளக்கும் அலகு) இராது. 100 மில்லிகிரேக்குக் குறைவாக இருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கலைக்கக் கூடாது என்பதுதான் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வயிற்று சி.டி. என்றால் டோஸ் பல மடங்கு கூடும். அப்போதும் முதலில் டோஸைக் கணக்கிடச் சொல்லுங்கள், முடிவு பிறகு. இனி எக்ஸ்ரே அறைக்குள் போகும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும், கடைசி மாதவிலக்குத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்குக் கேன்சர் வருமா? (ஊர், பெயர் இல்லை)

எந்த ஸ்கேன்? என்ன வயது? எதற்காக எடுத்தார்கள்? மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது! கேன்சர் பயம் எக்ஸ்ரே போன்ற கதிரால்தான். அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் அந்தக் கதிர் இல்லை. சி.டி.யிலும், கதிரியக்க மருந்தை ஊசி போட்டு எடுக்கும் பெட் ஸ்கேனிலும் உண்டு.

ஆறு வயது மகன் கட்டிலிலிருந்து விழுந்தான். டாக்டர் சி.டி. வேண்டாம் என்றார், நாங்கள்தான் வற்புறுத்தி எடுத்தோம். நார்மல். இப்போது பயமாக இருக்கிறது. (பெற்றோர், சேலம்)

பயப்பட வேண்டியது எடுப்பதற்கு முன்னால். எடுத்தாயிற்று, இனி விடுங்கள். பிரிட்டனில் சுமார் 1.8 லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. பத்து வயதுக்குட்பட்ட பத்தாயிரம் குழந்தைகளுக்குத் தலை சி.டி. எடுத்தால் அடுத்த பத்து வருஷத்தில் கூடுதலாக ஒரு லுகேமியா (ரத்தப் புற்றுநோய்), ஒரு மூளைக்கட்டி என்பது அதன் கணக்கு. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஒன்பது லட்சம் பேரை வைத்து 2023-ல் வந்த ஆய்வும், ரத்தப் புற்றுநோய்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய அதே அளவைத்தான் சொல்கிறது. உங்கள் ஒரு பிள்ளைக்கு இது மிகச் சின்ன அபாயம். ஊரில் எல்லாரும் உங்களைப் போல வற்புறுத்தினால் சின்னது அல்ல.

விழுந்த குழந்தை நினைவு தப்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், தூங்கி விழுந்து எழுப்ப முடியாமல் போனால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வடிந்தால் உடனே சி.டி.; அங்கே டோஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. இதில் எதுவும் இல்லாமல், பரிசோதித்த டாக்டரும் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சோம்பலில் சொல்லவில்லை.

ஸ்டூவர்ட் ஆய்வு முழுக்கத் தாய்மார்களின் ஞாபகத்தை நம்பியது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஏதாவது காரணம் தேடத்தானே செய்வார்? இதை எப்படி ஆதாரம் என்கிறீர்கள்? (மருத்துவ மாணவர், கோவை)

இந்தக் கேள்வியை அறுபது எழுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிலும் கிட்டத்தட்ட அத்தனை வருஷமாக இருக்கிறது. உங்கள் பாடப்புத்தகம் கேள்வியோடு நின்றுவிடுகிறது.

லுகேமியா மரணங்கள் இரண்டு முதல் நாலு வயதில் குவிவதை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஸ்டூவர்ட் கவனித்தார். அவ்வளவு சின்ன வயதில் என்றால் காரணம் பிறப்புக்கு முன்னாலேயே இருக்கலாம். அதைத் தாயிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? ஆய்வுக்குக் கிடைத்த பணம் ஆயிரம் பவுண்டு. கொடுத்தது லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை. லுகேமியாவில் இறந்த மனைவி மெஹர்பாயின் நினைவாக டோராப்ஜி டாட்டா தொடங்கியது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளைப் பிடித்து, 1953 முதல் 1955 வரை புற்றுநோயில் இறந்த பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாரையும், அதே வயதில் நலமாக இருந்த குழந்தைகளின் தாய்மாரையும் ஒரே கேள்வித்தாளை வைத்து விசாரிக்கச் செய்தார். கர்ப்பத்தில் வயிற்று எக்ஸ்ரே எடுத்த தாய்மார், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1956-ல் லான்செட் மருத்துவ இதழில் சுருக்கமாகவும், 1958-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் விரிவாகவும் வந்தது.

சரி, ஞாபகம். 1962-ல் அமெரிக்காவில் பிரையன் மக்மான் தாய்மாரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. குழந்தைக்கு நோய் வருவதற்கு முன்பே எழுதப்பட்ட மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தார். சுமார் 40 சதவீதம் அதிகம். அப்புறம் இரட்டையர். அந்தக் காலத்தில் இரட்டைக் கர்ப்பத்தில் பாதிக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒற்றைக் கர்ப்பத்தில் பத்தில் ஒன்றுக்குத்தான். இரட்டை என்பதற்காக எடுத்தார்களே தவிர, தாய்க்கு நோய் என்று எடுக்கவில்லை. அங்கும் அபாயம் அதே அளவு கூடியது. 1970-ல் ஸ்டூவர்ட்டும் ஜார்ஜ் நீலும், பிலிம் எண்ணிக்கை ஏற ஏற அபாயமும் ஏறுவதைக் காட்டினார்கள். ஞாபகப் பிசகு இப்படிப் படிப்படியாக ஏறுமா?

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் 1960-ல் வந்த கோர்ட் பிரவுன், டால் ஆய்வு. தாய் வயிற்றில் இருந்தபோது எக்ஸ்ரே பட்ட 39,000 குழந்தைகளில் லுகேமியா கூடவில்லை என்றது. அதில் எதிர்பார்த்த மரணங்களே பத்துச் சொச்சம்தான். பத்தை வைத்துக்கொண்டு 40 சதவீத வித்தியாசத்தை எப்படிப் பிடிப்பது? அதே ரிச்சர்ட் டால் 1997-ல் வேக்ஃபோர்டுடன் சேர்ந்து எல்லாவற்றையும் அலசி, கருவுக்கு 10 மில்லிகிரே அளவிலேயே அபாயம் கூடுகிறது என்று எழுதினார்.

ஸ்டூவர்ட் சொன்னதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவில்லை. அணு ஆலைத் தொழிலாளர்கள் பற்றிய அவருடைய பிற்கால முடிவுகளைப் பலர் ஏற்கவில்லை. மகப்பேற்றில் எக்ஸ்ரே குறைந்ததற்கும் அவர் மட்டும் காரணம் அல்ல. 1958-லேயே கிளாஸ்கோவில் இயன் டொனால்டு அல்ட்ராசவுண்டைக் காட்டிவிட்டார்.

ஆனால் தாயின் ஞாபகத்தை இளப்பமாகப் பேசுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. ஒரு மருத்துவமனையில் கேஸ் ஷீட்டில் 'முன்பு ஸ்கேன் இல்லை' என்று எழுதி, இரண்டரை வயதுக் குழந்தையை என்னிடம் வயிற்று சி.டி.க்கு அனுப்பினார்கள். "போன மாசமே ரெண்டு தடவை எடுத்தாச்சு சார்" என்றார் அம்மா. மஞ்சள் பைக்குள்ளிருந்து இரண்டு பில்களை எடுத்து நீட்டினார். தேதி, தொகை, 'சி.டி. அப்டோமன்' எல்லாம் இருந்தது. பில் கொடுத்த இடத்துக்குப் போன் போட்டு அந்தப் படங்களை வரவழைத்தோம். மூன்றாவது சி.டி. தேவைப்படவில்லை. அந்தக் குழந்தையின் மொத்த டோஸ் இந்த நாட்டில் வேறு எந்த ஏட்டிலும் இல்லை, அந்த மஞ்சள் பையில்தான் இருந்தது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: பழைய பிலிம், படம் பதிந்த சிடி தட்டு, ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கையோடு கொண்டு போங்கள்.

கைக்குழந்தையைப் போட்டோ எடுத்தால் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. போன் கேமரா கோளாறா? (தந்தை, விருதுநகர்)

கேமராவாகவும் இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். எனக்கு எழுதிய நேரத்தில் கண் மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். நாளைக்கே போங்கள். ஸ்கேன் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள், பரம்பரை வகையாக இருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு ஆகாது.

மகளுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்). இரண்டாவது பெட்-சி.டி. எழுதியிருக்கிறார்கள். இத்தனை கதிர் தேவையா? (தாய், மதுரை)

தேவை. உங்கள் கணக்கு வேறு. இரண்டு சுற்று மருந்துக்குப் பிறகு எடுக்கும் அந்தப் படம் நன்றாக வந்தால் ரேடியேஷன் சிகிச்சையையே தவிர்க்க வாய்ப்புண்டு. அதன் டோஸுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. சிகிச்சை முடிந்து, குழந்தை நன்றாக இருக்கும்போது 'சும்மா பார்த்துவிடலாம்' என்று பெட் எழுதினால் அப்போது கேள்வி கேளுங்கள். கீமோ முடிந்த பிறகு நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி மறுபடி வளர்ந்து பெட்டில் பளிச்சென்று தெரியும். நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே கலங்கிப் போகும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது என் மகனுக்கு ஈய ஏப்ரன் போடவில்லை. புகார் செய்யலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். இடுப்பை மறைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே 2019-ல் சொல்லிவிட்டது. பார்க்க வேண்டிய இடத்தை ஏப்ரன் மறைத்தால் இன்னொரு தடவை எடுக்க வேண்டிவரும். குழந்தைக்கான அளவில் டோஸைக் குறைத்து வைத்தார்களா என்று கேளுங்கள், அது உபயோகமான கேள்வி.

மணவாளக்குறிச்சியில் குடியிருக்கிறோம். கடற்கரை மணலே கதிர் வீசுகிறதாமே? (நாகர்கோவில்)

அந்த மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது, உண்மைதான். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 70,000 பெரியவர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில் அதிகப் புற்றுநோய் தெரியவில்லை. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு. குழந்தைகளுக்கான சான்றிதழாக அதைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்.

மூன்று வயதுக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. மயக்கம் கொடுக்கத்தான் வேண்டுமா? (ஈரோடு)

பெரும்பாலும் ஆமாம்; அரை மணி நேரம் அசையாமல் படுக்க அந்த வயதில் முடியாது. பால் கொடுக்காதீர்கள் என்று சொன்ன நேரத்துக்குப் பிறகு பாட்டி அழுதாலும் கொடுக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம்; அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.