தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

கேள்வி: என் மகள் லண்டனில் பன்னிரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று ஏ லெவல் பாடங்களோடு இ.பி.கியூ. என்னும் ஆய்வுத் திட்டத்தையும் எடுக்கப்போவதாகச் சொல்லி, ‘காற்று மாசு’ என்று தலைப்பும் வைத்துவிட்டாள். இந்தக் கூடுதல் சுமை ஏ லெவல் படிப்பைக் கெடுத்துவிடாதா?
– ஒரு வாசகி, ஹாரோ

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது முதலில் ஏ லெவல் தரங்களைப் பொறுத்தது என்பதால், ஏதேனும் ஒரு பாடத்தில் அவர் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தால், இந்தத் திட்டம் வேண்டாம் என்றே சொல்வேன். அப்படி இல்லையென்றால் தாராளமாக எடுக்கட்டும். ஏறத்தாழ 120 மணி நேர உழைப்பைக் கேட்கும் இத்திட்டம் அரை ஏ லெவலுக்குச் சமமானது; மிக உயர்ந்த தரமான ஏ ஸ்டார் பெற்றால், பல்கலைக்கழகச் சேர்க்கையில் கணக்கிடப்படும் யூகாஸ் புள்ளிகள் 28 உண்டு. சவுத்தாம்ப்டன் போன்ற சில பல்கலைக்கழகங்கள், இதில் நல்ல தரம் பெறுவோருக்கு ஏ லெவல் நிபந்தனையில் ஒரு படி தளர்த்துவதும் உண்டு. எந்தப் படிப்புகளுக்கு அது பொருந்தும் என்பதை விண்ணப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை தருவது சுமையைவிடத் தலைப்புதான். ‘காற்று மாசு’ என்பது ஒரு துறை. அதை வைத்து ஐயாயிரம் சொற்கள் எழுதினால், பிறர் எழுதியதன் சுருக்கமே மிஞ்சும். அதிகப் புகை கக்கும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் லண்டனின் யூலெஸ் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 அன்று ஹாரோ உள்ளிட்ட வெளிப்பகுதிகளுக்கும் விரிந்தது. அதன்பின் உங்கள் பகுதிச் சாலையோரக் காற்றில் நைட்ரஜன் டையாக்சைடு குறைந்ததா, குறைந்திருந்தால் அதற்கு யூலெஸ்தான் காரணமா என்று கேட்டால், அது விடை தேடக்கூடிய கேள்வியாகிறது. அளவீட்டு நிலையங்களின் தரவுகள் பொதுமக்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. லண்டன் எல்லைக்கு வெளியே, ஏறத்தாழ இதே வானிலை நிலவும் ஒரு நிலையத்தின் அளவுகளையும் பக்கத்தில் வைத்தால்தான், காற்றும் மழையும் செய்த வேலையை யூலெஸ் கணக்கில் எழுதும் பிழை நேராது. புவியியல் அவருடைய ஏ லெவல் பாடமாக இருந்தால், அதன் பாடத்திட்டத்தில் உள்ளதையே திரும்ப எழுத விதி இடம் தராது என்பதையும் மேற்பார்வை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம், திட்டத்தோடு ஒப்படைக்க வேண்டிய பதிவேடு. மதிப்பெண் கட்டுரைக்கு மட்டுமன்று. திட்டமிட்டது, சான்றுகளைத் தேடி எடைபோட்டது, இறுதியில் தன் பணியைத் தானே மதிப்பிட்டது ஆகிய எல்லாவற்றுக்கும் உண்டு. “இன்று மூன்று கட்டுரைகள் படித்தேன்” என்ற குறிப்பால் பயனில்லை. “2020ஆம் ஆண்டோடு ஒப்பிட எண்ணியிருந்தேன், பொதுமுடக்கத்தில் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்ததால் அது நியாயமான அளவுகோல் ஆகாது, 2022ஐ எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதினால், ஒரு மாணவி சிந்திப்பது அந்தத் தாளிலேயே தெரிகிறது. இதைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து இட்டுக்கட்டினால் படிப்பவருக்கு உடனே புலப்பட்டுவிடும் என்பதால், அன்றன்றே எழுதச் சொல்லுங்கள்.

கட்டுரையில் நீங்கள் ஒரு வரிகூட எழுதித் தரக்கூடாது. ஆனால் முடிவில் அவர் அத்துறை அறியாதவர்களுக்கு முன் தன் ஆய்வை விளக்கிப் பேசி, அவர்கள் கேட்பவற்றுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய வாரம் வீட்டில் நீங்களே அவையாக உட்கார்ந்து, புரியாத இடத்திலெல்லாம் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள்.