இங்கிலாந்தில் மூடிப்போன கிராமப் பள்ளிக்கூடத்தை வாங்கி வீடாக மாற்றலாமா?

யார்க்‌ஷயரில் ஏலத்துக்கு வந்திருக்கும் ஒரு பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, விலை குறைவு, வாங்கலாமா என்பது கேள்வி. நானும் என் மனைவியும் வட இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு விக்டோரியா காலத்துப் பள்ளியை வாங்கி, வீடாக்கி, அதில்தான் குடியிருக்கிறோம். வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பெரிய வகுப்பறையைத் துண்டு போடாமல் அதற்குள் வாழ உங்களுக்கு மனம் இருக்க வேண்டும்.

முதலில் பத்திரம். இங்கே பல கிராமங்களில் பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர். 1841-ஆம் வருடத்துப் பள்ளி நிலச் சட்டத்தின் கீழ் அப்படிக் கொடுத்த நிலம், பள்ளி நின்றுபோனால் கொடுத்தவர் பக்கமே திரும்பிவிடும். 1987-இல் வந்த சட்டம் இதை மாற்றியது. இப்போது நிலம் அறங்காவலர்கள் பெயரிலேயே இருக்கும், அவர்கள் விற்கவும் செய்யலாம், ஆனால் அதன் பலன் நிலம் கொடுத்தவரின் வாரிசுகளுக்குச் சேர வேண்டும். எனவே விற்பவர் எந்த உரிமையில் விற்கிறார் என்பதை உங்கள் சொலிசிட்டர் (சொத்துப் பத்திரங்களைப் பார்க்கும் வக்கீல்) ஏலத்துக்கு முன்பே படித்துச் சொல்லியாக வேண்டும். சுத்தியல் விழுந்த நொடியே ஒப்பந்தம் முடிந்தது. அங்கேயே பத்து சதவீதம் கட்ட வேண்டும், மீதிக்குப் பெரும்பாலும் 28 நாள்தான் தவணை. சமையலறையும் குளியலறையும் இல்லாத கட்டடத்துக்குச் சாதாரண வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாகப் பணம் விடும் கடன்கள் உண்டு, அதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பள்ளியை வீடாக மாற்றக் கவுன்சில் அனுமதி தேவை. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தால் உள்ளே ஒரு சுவரை அனுமதியில்லாமல் இடிப்பதுகூடக் குற்றவழக்கு. அப்புறம் வௌவால். கூரைக்குள் வௌவால் தங்கும் இடம் இருந்தால் அதைக் கலைப்பதும் குற்றம். அவை வெளியே பறப்பதைக் கணக்கெடுக்கும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அக்டோபரில் வாங்கினால் அடுத்த மே வரை கூரையில் கைவைக்க முடியாமல் போகலாம்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 1870-இல் கல்விச் சட்டம் வந்த பிறகு இந்த நாட்டில் பள்ளிகள் மளமளவென்று எழுந்தன. கட்டியவர்கள் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றி நிறைய யோசித்தார்கள். லண்டன் பள்ளி வாரியத்தின் கட்டடக் கலைஞர் ஈ. ஆர். ராப்சன் போன்றவர்கள், எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்றார்கள். ஓர் அறையில் ஐம்பது அறுபது பிள்ளைகள் மூச்சுவிட வேண்டும் என்பதால் கூரை உயரம். பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்க்காமலிருக்க ஜன்னலின் அடிவிளிம்பும் உயரம். வீடாக்கும்போது இந்தக் கடைசி விஷயம்தான் இடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் வானம் மட்டும் தெரியும், தோட்டம் தெரியாது.

இதற்குப் பெரும்பாலானோர் செய்வது, ஹாலின் குறுக்கே ஒரு மேல்தளம் போட்டு ஜன்னலைப் பாதியில் வெட்டிவிடுவது. படுக்கையறை எண்ணிக்கை கூடும், உண்மைதான். ஆனால் கீழ் அறைக்கு வெளிச்சம் செத்துப்போகும், மேல் அறையில் ஜன்னல் முழங்காலுக்குக் கீழே கிடக்கும். அப்படி வெட்டப்பட்ட பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நாங்கள் ஜன்னல் பக்கத் தரையை மட்டும் மேடையாக உயர்த்தினோம். சாப்பாட்டு மேசை அங்கே இருக்கிறது, உட்கார்ந்தபடியே வெளியே பார்க்கலாம். மேடைக்கு அடியில் குழாய்களும் மின்கம்பிகளும் ஓடுகின்றன. படுக்கையறைகள் சின்னப் பிள்ளைகளின் வகுப்பிலும் கோட்டு மாட்டும் அறையிலும் அடங்கிவிட்டன. உயரமான ஹாலைச் சூடாக வைக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூரைச் சரிவிலேயே சூடு வெளியேறாதபடி கனமாகக் காப்பு வைத்து, சூட்டைத் தரைக்கு அடியிலிருந்து கொடுத்தால் முடியும். தொங்கவிட்ட ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதற்கு மேலே எட்டிப் பாருங்கள், அழகான மரச்சட்டங்கள் ஒளிந்திருக்கலாம். ஆனால் அதைப் பிரிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை கட்டாயம். இந்த நாட்டில் அது முழுமையாகத் தடையானதே 1999-இல்தான். சீலிங் பலகை, தரை ஓடு, கொதிகலன் குழாய் உறை எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஈரத்தைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். ஈரம் ஏறாமலிருக்கச் சுவருக்குள் ரசாயன ஊசி போட ஆளைக் கூப்பிடும் முன் வெளியே போய்த் தரைமட்டத்தைப் பாருங்கள். விளையாட்டுத் திடலுக்குத் தார் மேல் தார் போட்டு மட்டம் உயர்ந்து, சுவரின் அடியிலுள்ள காற்றுத் துளைகள் புதைந்திருக்கும். காற்று போகாமல் உள்ளே மரத்தரை மக்கும். தாரை வெட்டி மட்டத்தை இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி சிமென்ட். இந்தச் சுவர்கள் சுண்ணாம்பில் கட்டியவை, ஈரத்தை வாங்கி வெளியே விடும். யாரோ பிற்காலத்தில் இணைப்புகளில் சிமென்ட் பூசியிருந்தால் தண்ணீர் உள்ளேயே அடைபட்டு, பனிக்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகம் உதிரும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்புக் காரையின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே குளிர் ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் அந்த வேலை நடக்காது என்பது மட்டும் புதிது.

ஊர்க்காரர்களிடம் பேசுங்கள், இதை நான் ரொம்ப முக்கியமாகச் சொல்கிறேன். அங்கே படித்தவர்கள் இன்னும் இருப்பார்கள். எங்கள் பள்ளியில் படித்த ஒரு பாட்டி அடுப்பு நின்ற மூலையைக் காட்டினார். காரையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே புகைபோக்கி அப்படியே இருந்தது. 1862-க்குப் பிறகு அரசு மானியம் வாங்கிய பள்ளிகளில் தலைமையாசிரியர் தினசரிப் பதிவேடு எழுத வேண்டும் என்று விதி. அவற்றில் பல இன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எங்கள் பள்ளியின் பதிவேட்டில், கனமழை நாளில் வடக்கு மூலையில் தண்ணீர் புகுந்ததால் வகுப்பு நடக்கவில்லை என்று எழுதியிருந்தது. அதே மூலையில் இப்போதும் வடிகால் அடைத்திருந்தது. கட்டடத்தைச் சோதித்த எந்த சர்வேயரும் அதைச் சொல்லவில்லை.

செலவில் ஒன்று உங்களுக்குச் சாதகம். குடியிருப்பாக இல்லாத கட்டடத்தை வீடாக மாற்றினால் ஒப்பந்ததாரர் பெரும்பாலான வேலைக்கு 20 சதவீத வாட் வரிக்குப் பதில் 5 சதவீதம்தான் போட வேண்டும். அதையும், நீங்களே வாங்கிய கட்டுமானப் பொருள்களின் வரியையும் வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஆனால் அவர் தவறாக 20 போட்டுவிட்டால் கூடுதலாகக் கட்டியதை வரித்துறை தராது, அவரிடம்தான் கேட்க வேண்டும். அதனால் முதல் பில்லிலேயே பாருங்கள். பள்ளியோடு ஒட்டித் தலைமையாசிரியர் வீடு இருந்தால் அந்தப் பகுதிக்கு விதி வேறு, கணக்காளரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஏலத்துக்கு முன் ஒருமுறை மழை நாளில் போய் அந்த ஹாலின் நடுவில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூரையின் முகடு வளையாமல் நேராக இருந்து, பத்திரமும் சுத்தமாக இருந்தால் கை தூக்குங்கள். யாராவது ஏற்கெனவே மேல்தளம் போட்டு ஜன்னல்களை வெட்டியிருந்தால், நான் என்றால் வேறு பள்ளி தேடுவேன்.