பழைய டிராக்டர் வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: உச்சிப்புளி பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு. உழவு, களை, மட்டை ஏற்றுவதுதான் வேலை. கையில் இரண்டரை லட்சம். 50 ஹெச்.பி. பழைய வண்டி வாங்கலாமா?

பதில்: 50 எதற்கு, தேர் இழுக்கப் போகிறீர்களா? பெரிய வண்டியைத் தோப்புக்குள் திருப்பி எடுப்பதற்குள் தாழ்ந்த மட்டையெல்லாம் முறிந்துவிடும். மாசே 1035, மஹிந்திரா 265, ஸ்வராஜ் 735 மாதிரி 30 முதல் 40 ஹெச்.பி.க்குள், உங்கள் ஊர் மெக்கானிக்குக்குப் பழகிய வண்டியாகப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று உழவுதான் என்றால் அதுவும் வேண்டாம், வேளாண் பொறியியல் துறையே வாடகைக்குத் தருகிறது. ஆசைப்பட்டு நான் வாங்கிப்போட்ட பவர் டில்லரில் இப்போது கோழி அடைகிறது.

கேள்வி: தொண்டியில் ஒரு வண்டி, 2014 மாடல், பெயின்ட் பளபளக்கிறது. மீட்டரில் 1,400 மணி நேரம். தரகர் இன்றே முடிக்கச் சொல்கிறார்.

பதில்: இந்தப் பெயின்ட் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. உழைக்கிற டிராக்டர் 1,400 மணி நேரத்தை இரண்டு மூன்று வருடத்திலேயே தாண்டிவிடும், மீட்டரை மாற்றுவதும் பெரிய வித்தையில்லை. மிதியைப் பாருங்கள்: கிளட்ச், பிரேக் மிதிகளின் வரி தேய்ந்து வழவழவென்று இருந்தால் மீட்டர் பொய். நம் ராமநாதபுரம் கரையில் இன்னொன்றும் உண்டு. மணலில் படகு இழுத்த வண்டி, உப்பளத்தில் ஓடிய வண்டி எல்லாம் பெயின்ட் அடித்துத்தான் விற்பனைக்கு வரும். பின் சக்கர ரிம்மின் உள்பக்கம், டியூப் வால்வு வருகிற ஓட்டையைச் சுற்றி நகத்தால் சுரண்டுங்கள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் அது உப்புத்தண்ணீர் பார்த்த வண்டி, படகு இழுத்ததென்றால் கிளட்சும் தேய்ந்திருக்கும். அப்புறம், விடியற்காலையில் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் லேசில் ஸ்டார்ட் ஆகாது என்பதை மறைக்க முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கலாம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரக்கூடாது, வந்தால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது. கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடியுங்கள், அதற்குள் கலப்பை தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்குக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். இன்றே முடி என்கிறவரிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஆர்.சி. புக் (வண்டிப் பதிவுச் சான்று) தொலைந்துவிட்டது என்றார்கள், 40,000 குறைத்தார்கள், வாங்கிவிட்டேன். ஒரு வருடம் ஆகிறது. பெயர் மாற்ற என்ன செய்வது? (பெரியபட்டினம்)

பதில்: வாங்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நகல் ஆர்.சி.க்கு பழைய உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-லும் அவர் கையெழுத்து வேண்டும், இப்போது உங்கள் போனை அவர் எடுப்பாரா? வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸும் இல்லாமல் ரோட்டில் ஓட்டி யார் மேலாவது மோதினால் தோப்பையே விற்க வேண்டியிருக்கும். முதலில் ஆளைப் பிடியுங்கள்.

கேள்வி: சாயல்குடியில் நகையை அடகு வைத்து, கடை வைத்திருப்பவரிடம் வாங்கினோம். மூன்றாம் மாதம் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியைத் தூக்கிப்போய்விட்டார்கள். பழைய கடன் பாக்கியாம். கணவர் சாப்பிடவே மாட்டேன் என்கிறார்.

பதில்: அம்மா, உங்கள் மேல் தப்பில்லை, அவரிடமும் சொல்லுங்கள். கடனை மறைத்து விற்றது மோசடி, போலீஸில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடைக்காரர் வியாபாரி என்பதால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வண்டிக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். துண்டுச்சீட்டு, ஜிபே கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். (மற்றவர்களுக்கு: ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்ததென்று அவர்கள் தரும் என்.ஓ.சி.யைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.)

கேள்வி: இரண்டு ஏக்கர் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க டிராக்டர் போதுமா?

பதில்: போதாது. ஜேசிபி.